மறந்துபோன புகைபோக்கி



எங்கள் வீட்டுச் சமையலறையில் மழை பெய்யும் நாள்களில் ஒரு நாற்றம் எழும். ஏறக்குறையப் பத்தாண்டுகள் அந்த நாற்றத்தோடு குடியிருந்தோம். பின்புறத்துக் கழிவுநீர்க் கானிலிருந்து வருகின்றது என்றார் ஒருவர். சுவருக்குள் எலி செத்துக் கிடக்கின்றது என்றார் மற்றொருவர். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் வாஸ்து சரியில்லை என்று கூறி, வாசற்படியை மாற்றச் சொன்னார். என் மனைவியாரோ ஒருவரோடும் வாதிடாமல் மாலைதோறும் சாம்பிராணி போட்டு நாற்றத்தை அடக்கி வந்தார். எங்களுள் ஒருவருக்கேனும் தலையை நிமிர்த்தி மேலே பார்க்கத் தோன்றவில்லை. மேலே இருந்தது புகைபோக்கி.

கண்டி நகருக்குத் தெற்கே ஹந்தானை மலைச்சரிவில் நாங்கள் குடியிருக்கும் வீடு பழையது. கனத்த சுவர்களும் உயர்ந்த ஓட்டுக் கூரையும் உடையது. அதில் புகைபோக்கிகள் இரண்டு. ஒன்று சமையலறை விறகடுப்புக்கு மேலே உள்ளது. மற்றது முன்கூடத்துக் கணப்புக்கு உரியது. கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீற்றர் உயரமே உள்ள கண்டியில் கணப்பு எதற்கு என்று யாழ்ப்பாணத்து நண்பர்கள் கேட்பதுண்டு. மார்கழி, தை மாதங்களில் ஓரிரவு இங்கே தங்கிய பிறகு அவர்கள் அவ்வாறு கேட்பதில்லை. மேலும், இவ்வீடுகளைக் கட்டியவர்கள் குளிருக்காக மட்டும் கணப்பு வைத்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. நெருப்பு எரியாத வரவேற்பறை அவர்களுக்கு அறையாகவே தோன்றவில்லை போலும். ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 1867 ஆம் ஆண்டு பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெயிலர் வாழ்ந்த மரவீடு நெடுங்காலத்துக்கு முன்பே மண்ணோடு மண்ணாயிற்று. அங்கே எஞ்சி நிற்பது அதன் கணப்பும் புகைபோக்கியுமே.

எங்கள் முன்கூடத்துக் கணப்பில் கனத்த இரும்புக் கம்பித்தட்டு ஒன்று உண்டு. விறகுக்கு அத்தகைய தட்டு வேண்டியதில்லை. அது நிலக்கரிக்கு உரியது. நிலக்கரி நம் தீவில் அகப்படும் பொருளன்று. கப்பலேறிக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, 1867 இல் கண்டி வரையும் 1885 இல் நானுஓயா வரையும் போடப்பட்ட புகையிரதப் பாதையில் எஞ்சின்களுக்கு இரையாக மலையேறிய பொருள் அது. அதில் ஒரு கூடையேனும் இந்த வீட்டிலும் எரிந்திருக்கவேண்டும் என்பதற்குச் சாட்சியாகக் கம்பித்தட்டின் அடியில் கறுத்த கட்டிகள் கிடந்தன. எங்கள் காலத்தில் அந்தக் கணப்பின் வாயில் என் மகளின் புத்தக அலுமாரி நின்றது. சமையலறை அடுப்பின் வாயையோ, எரிவாயு வந்த பிறகு, பலகை ஒன்றை அறைந்து மூடிவிட்டோம்.

2022 ஆம் ஆண்டு அந்தப் பலகையைக் கழற்ற வைத்தது. எரிவாயுச் சிலிண்டருக்காக விடியுமுன்னே வரிசையில் நின்ற அந்த மாதங்களை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எரிபொருள் இல்லாமையால் பாடசாலைகளும் மூடிக் கிடந்தன. நகரத்து வீடுகளில் இருபது, முப்பது ஆண்டுகளாக எரியாத அடுப்புகள் மீண்டும் எரியத் தொடங்கின. நாங்களும் விறகு வாங்கினோம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து கவ்வாத்து மிலாறும் கிடைத்தது. பலகையைப் பெயர்த்து நெருப்பு மூட்டினோம். புகை மேலே செல்லவில்லை. ஒரு கணம் தயங்கியது. பிறகு அடுப்பின் வாய்வழியே பெருகி வந்து சமையலறையை நிறைத்தது. கண்ணீர் வழிய இருவரும் முற்றத்துக்கு ஓடினோம். அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்த்தனர். அதிபராக இருப்பவன் அப்படி ஓடுவது ஓர் அரிய காட்சியல்லவா?

அப்போதுதான் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் இளமையில் தோட்டமொன்றின் பங்களாவில் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். துரைமார் போன பிறகும் பல பங்களாக்களின் புகைபோக்கிகளைத் துடைத்துக் கொடுத்தவர். வந்தவர் உடனே ஏணி கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. அடுப்பில் இரண்டு நாள் நெருப்பு வைக்கவேண்டாம் என்று கூறிச் சென்றார். மூன்றாம் நாள், நல்ல மழை பெய்து ஓய்ந்த காலையில், திரும்பி வந்தார். அடுப்பின் முன் மண்டியிட்டு, தலையை உள்ளே நீட்டி, மூக்கால் ஒருமுறை இழுத்தார். உட்சுவரில் விரலால் சுரண்டிய கரியைக் கசக்கி முகர்ந்தார்.

“ஐயா, இது ஒரு மணம் இல்ல. மூணு மணம் கலந்து கெடக்கு. ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தாத்தான் வேலை முடியும்” என்றார்.

முப்பது ஆண்டுகள் மாணவர்க்கு இலக்கியம் கற்பித்த எனக்கு, ஒரு மணத்தைப் பதம் பிரிக்கலாம் என்பது புதிய பாடமாக இருந்தது.

முதலாவது, நனைந்த சாம்பலும் பழைய மண்ணெண்ணெய்த் துணியும் சேர்ந்தாற்போன்ற புளித்த நாற்றம். இது மழையால் வருவது. புகைபோக்கியின் தலைமூடி எப்போதோ உடைந்து விழுந்திருந்தது. மழைநீர் நேரே உள்ளே இறங்கி, சுவரில் படிந்த பழைய கரியை நனைத்தது. வெயில் நாளில் அந்தக் கரி வாய்திறப்பதில்லை. மழை நாளில் மட்டும் நாறும். எங்கள் பத்தாண்டுப் புதிர் இந்த ஒரு வாக்கியத்தில் விடுபட்டது. இதனோடு பூஞ்சணத்தின் மண்வாடையும் சேர்ந்திருந்தால், நீர் மேல்வாயால் மட்டும் வரவில்லை என்று கொள்ளவேண்டும். புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்தில் ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவே வைத்த தகரம் துருப்பிடித்திருக்கும்.

இரண்டாவது, அழுகலும் மூக்கை அரிக்கும் காரமும் கலந்த நாற்றம். உயிருள்ளவையும் உயிர்போனவையும் இதற்குக் காரணம். வௌவாலின் எச்சம் அந்தக் காரத்தைத் தரும். உள்ளே விழுந்து ஏற முடியாமல் மாண்ட அணிலோ பறவையோ அழுகலைத் தரும். எங்கள் புகைபோக்கியில் மைனாக்கள் ஆண்டுக்காண்டு கூட்டின்மேல் கூடு கட்டி வழியையே அடைத்திருந்தன. புகை திரும்பியதன் காரணம் அதுவே. மலைநாட்டு நேயர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன். உள்ளே ரீங்காரம் கேட்டால், நெருப்பு மூட்டிப் புகையால் விரட்டிவிடலாம் என்று எண்ணாதீர்கள். குளவிக்கூடாக இருந்தால் அவை வெளியேறும் வழி உங்கள் சமையலறையாகவும் இருக்கலாம். குளவி கொட்டினால் என்னவாகும் என்பதைத் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மூன்றாவது, கருவாட்டைப் புகையில் வாட்டினாற்போன்ற கடுமையான மணம். இதனைச் சிலர் நல்ல மணம் என்றே கருதுவர். பெரியவர் முகம் சுளித்தது இதற்குத்தான். ஈரவிறகை மெல்ல எரிக்கும்போது எழும் புகை, குளிர்ந்த சுவரிற் பட்டு, தார்போன்ற பிசினாக உறைகின்றது. அது நாளடைவில் தடித்து, பளபளவென்று மெருகிட்டாற்போல் ஒட்டிக்கொள்ளும். நனைந்த கரி நாற்றம் மட்டுமே தரும். இந்தப் பிசின் எரியும். அடுப்பிலே பொறி ஒன்று எழுந்து போதிய சூடும் கிடைத்துவிட்டால் புகைபோக்கியே தீப்பற்றி, புகையிரதம் வருவதுபோல் உறுமும். செங்கல் வெடிக்கும். சுவரோடு ஒட்டிய உத்தரத்துக்குத் தீ தாவும். அத்தருணத்தில் கீழிருந்து தண்ணீரை வீசுவது தவறு. காய்ந்த கல் மேலும் வெடிக்கும். வீட்டாரை வெளியேற்றி, 110 என்னும் இலக்கத்தில் தீயணைப்புப் பிரிவை அழைக்கவேண்டும். படிந்த கரி எட்டில் ஓர் அங்குலத் தடிப்பை, அதாவது மூன்று மில்லிமீற்றரை, எட்டினால் துடைக்கும் காலம் வந்துவிட்டது என்பது இத்தொழிலில் வழங்கும் கணக்கு. எங்கள் சுவரில் பெரியவரின் கைவிரல் நகம் முழுவதும் புதைந்தது.

நாற்றம் மேலே இருக்கிறது, சரி. அது கீழே ஏன் வருகின்றது? புகைபோக்கி என்பது உள்ளிருக்கும் காற்றின் சூட்டால் இயங்குவது. சூடான காற்று இலேசானது. அது மேலெழும்போது கீழிருந்து புதுக்காற்றை இழுக்கும். நெருப்பில்லாத வேளையில், கனத்த சுவர்களுடைய பழைய வீட்டினுள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்தால், குழாய் எதிர்த்திசையில் இயங்கத் தொடங்கும். எங்கள் சமையலறையில் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்று வேறு இருந்தது. சன்னல்கள் மூடியிருக்கையில், வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக அது புகைபோக்கி வழியாகவே காற்றை இறக்கியது. நாற்றத்தைப் போக்குவதற்கென்று நானே வாங்கி மாட்டிய விசிறி அது! பெரியவர் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பின் வாயில் பிடித்தார். புகை அறைப்பக்கம் சாய்ந்தது. விசிறியை நிறுத்திச் சன்னலைத் திறந்தார். புகை நேராக நின்றது. இதனைவிட எளிய சோதனை ஒன்றை நான் எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்திலும் கண்டதில்லை.

நம் கண்டியில் இன்னொரு காரணமும் உண்டு. பள்ளத்தாக்கு ஊராதலின் சரிவிலே வீட்டுக்கு மேல் வீடு எழும்புகிறது. தென்மேற்குப் பருவத்தில் மலைமேலிருந்து உருண்டு வரும் காற்று, புகைபோக்கியின் தலையில் கைவைத்து அழுத்துவதுபோல் புகையைக் கீழே தள்ளும். கூரைக்குமேல் மூன்றடியும், பத்தடிச் சுற்றுக்குள் உள்ள எப்பொருளைக் காட்டிலும் இரண்டடியும் புகைபோக்கி உயர்ந்திருத்தல் வேண்டும் என்பது விதி. முப்பதாண்டுகளுக்கு முன் அவ்விதிப்படி இருந்த புகைபோக்கி, அடுத்த வீட்டார் மாடி எழுப்பியதாலோ பலாமரம் ஓங்கியதாலோ இன்று குட்டையாகி இருக்கலாம்.

சமையலறை ஆய்வு முடிந்தபின் முன்கூடத்துக் கணப்பையும் பார்க்கச் சொன்னேன். அங்கே மணம் வேறு. தீக்குச்சி உரசியவுடன் வருவது போன்ற கந்தக மணம், மிகப் பழையதாக, மங்கலாக இருந்தது. நிலக்கரியில் கந்தகம் உண்டு. அது எரிந்து உண்டாகும் கந்தகவீரொட்சைட்டு, ஈரத்தோடு கூடி அமிலமாகி, செங்கற்களுக்கிடையே உள்ள சுண்ணாம்புச் சாந்தை ஆண்டுக்கணக்கில் தின்றுவிடும். விறகுப் புகைபோக்கி பிசினால் கெடும். நிலக்கரிப் புகைபோக்கி அமிலத்தால் கெடும். கணப்புக்குப் பின்னால் உள்ள படுக்கையறைச் சுவரில் மஞ்சட் பழுப்பாய் ஒரு கறை படர்ந்திருந்தது. ஆண்டுதோறும் அதன்மேல் சுண்ணாம்பு பூசி வந்தோம். ஆண்டுதோறும் அது திரும்பி வந்தது. புகைபோக்கியின் உட்சுவர் அவ்விடத்தில் பிளந்திருந்தது. அக்கணப்பில் நெருப்பு மூட்டியிருந்தால் புகை கூரைக்குச் செல்லுமுன் படுக்கையறைக்கு வந்திருக்கும். மேசன் ஒருவர் முழுவதும் பிரித்துக் கட்டும் வரையில் அதனைத் தொடக்கூடாது என்று பெரியவர் தீர்ப்பளித்தார். புத்தக அலுமாரி மீண்டும் பழைய இடத்துக்கே வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் மணமில்லை; கசிவை உணரும்பொருட்டு அழுகிய முட்டை போன்ற நாற்றமொன்றை அதிலே கலக்கிறார்கள். அடுப்பும் கணப்பும் எரியாத வேளையில் அத்தகைய நாற்றம் எழுந்தால் புகைபோக்கியைப் பழி சொல்லிக்கொண்டிராதீர்கள். மின்விசையைத் தட்டாமல், சன்னலைத் திறந்து, சிலிண்டரின் வாயை மூடுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும்.

துடைக்கும் வேலை ஒரு முழுநாள் பிடித்தது. அடுப்பின் வாயை நனைத்த சாக்கால் இறுக மூடினோம். மழையில்லாத நாளாகப் பார்த்து, ஓடு மிதிக்கப் பழகிய இளைஞர் ஒருவர், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கூரை ஏறினார். தென்னை ஈர்க்கைப் பந்தாகக் கட்டி, அதன் அடியில் கல்லைத் தொங்கவிட்டு, கயிற்றால் இறக்கி இறக்கி ஏற்றினார். ஈர்க்கு அசையாத இடத்தில் கம்பித் துடைப்பம் இறங்கியது. கூடுகள் மட்டுமே ஒன்றரைச் சாக்கு. கரி இன்னும் இரண்டு சாக்கு. மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளும்படியும், வேலை முடிந்ததும் தலைமுழுகும்படியும் எல்லோரிடமும் பெரியவர் கண்டிப்பாகக் கூறினார். அதில் பொருள் உண்டு. இங்கிலாந்தில் சிறுபையன்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றித் துடைக்கச் செய்த காலத்தில், அவ்வேலை செய்தவர்களுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று 1775 ஆம் ஆண்டில் பேர்சிவல் பொட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் எழுதினார். ஒரு தொழிலால் ஒரு புற்றுநோய் வருகிறது என்று மருத்துவம் கண்டறிந்த முதற் சந்தர்ப்பங்களுள் அது ஒன்று.

கடைசியில் தலைக்குப் புதிய மூடி வைத்தோம். பக்கங்களில் கம்பிவலை இட்டோம். வலையின் கண் மிகச் சிறிதாயிருந்தால் கரியே அதனை அடைத்துவிடும். ஆதலின் பறவை நுழையாத அளவுக்குப் பெரிதாகவே வைத்தோம். நெருப்பு மூட்டுமுன் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி உட்புறத்தில் உயர்த்திப் பிடித்தால், குளிர்ந்த குழாய் சூடேறிப் புகைக்கு வழிவிடும். அதன்பின் எங்கள் சமையலறையில் நாற்றமும் இல்லை, புகையும் இல்லை. சாம்பிராணி சாமிக்கு மட்டுமே ஆயிற்று.

இத்தோடு என் பேச்சை முடித்திருந்தால் மகிழ்ச்சியாயிருக்கும். ஆனால் அவ்வாண்டு டிசம்பரில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு சொன்னதும் வீண்.

மாண்டஸ் புயலை ஒட்டி நாடெங்கும் கடுங்குளிர் வீசியதும், வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டங்கூட்டமாய் இறந்ததும் நினைவிருக்கும். எண்பது வயதான என் தாயார் குளிரால் நடுங்கினார். அடுப்பில் கனன்ற சிரட்டைக்கரியை ஒரு மண்சட்டியில் அள்ளி அவர் அறையில் வைத்தோம். சன்னலைச் சாத்தி, கதவின் கீழ் இடுக்கில் துணியும் அடைத்தோம். என் மகளும் பாட்டியோடு படுத்துக்கொண்டாள். கரி சிவந்து அழகாகக் கனன்றது. புகை ஒரு துளியும் இல்லை. மணமும் இல்லை. மூன்று நாற்றங்களையும் பிரித்தறியக் கற்ற பெருமையில் இருந்த நான், மணமில்லாத நெருப்பு தூய நெருப்பு என்று எண்ணி உறங்கப் போனேன்.

நள்ளிரவு கடந்து மகள் வாந்தி எடுக்கும் ஓசை கேட்டு எழுந்தேன். தலையிடி தாங்கமுடியவில்லை என்றாள். அம்மாவை எழுப்பினோம், எழவில்லை. கன்னத்தைத் தட்டியபோது கண் திறந்து, எங்களை அடையாளங் காணாமல் மீண்டும் மூடிக்கொண்டார். இருவரையும் விறாந்தையில் கொண்டுவந்து கிடத்தினோம். வைத்தியசாலையில் ஒட்சிசன் கொடுத்தார்கள். விடியும்போது அம்மா என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். இன்னும் ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் அழைத்திருக்கமாட்டார் என்றார் வைத்தியர்.

கரி போதிய காற்றின்றி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு எழுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை உறுத்துவதுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக இதனைப் பற்றிக்கொள்ளும். உடல் மூச்சுவிட்டுக்கொண்டே மூச்சுத்திணறும். நிலக்கரி, மரக்கரி, சிரட்டைக்கரி எல்லாவற்றிலும் இது உண்டு. திறந்த சட்டியில் மட்டுமன்று, கூடு அடைத்த புகைபோக்கியின் கீழ் எரியும் அடுப்பிலும், இரவில் சூடு வீணாகக்கூடாதென்று அடைப்புத் தகட்டை மூடிவிட்ட கணப்பிலும் இதுவே எழும். ஒரே வீட்டில் இருவர் மூவருக்கு ஒரே வேளையில் தலையிடி, மயக்கம், குமட்டல் உண்டாகி, வெளியே போனதும் அது குறையுமானால், அது தடிமனோ உணவுக் கோளாறோ அன்று. இதனைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவி பற்றரியில் இயங்குவதாக விற்பனைக்கு உண்டு. எங்கள் வீட்டில் அது இப்போது அம்மாவின் அறைச் சுவரில் தொங்குகின்றது.

செய்தி கேட்டு வந்த பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சட்டிய எதுக்கு ஐயா அறைக்குள்ள கொண்டு போனீங்க? இவ்வளவு பாடுபட்டு அந்தக் கூண்டத் தொறந்தது எதுக்கு? அம்மாவ அடுப்படிக்கில்ல கூட்டிட்டு வந்திருக்கணும்” என்றார்.

அவர் பிறந்தது லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை; அடுப்பு உள்ளேயோ இஸ்தோப்பிலோ எரியும்; புகைபோக்கி கிடையாது. துரை பங்களாவின் புகைபோக்கியைத் துடைத்த கைகள், மாலையில் புகைபோக்கி இல்லாத வீட்டுக்குத் திரும்பின. தம் தாயார் இருமியே இறந்தார் என்று வேறொரு பேச்சினிடையே அவர் சொன்னதுண்டு. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நம் நாட்டுக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. வீட்டினுள் எழும் புகையால் 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. புதிய வீடுகளின் வரைபடத்தில் கார் நிறுத்த இடம் உண்டா என்று பார்க்கும் நாம், புகைக்கு வழி உண்டா என்று பார்ப்பதில்லை. இதனைப் பாடசாலைப் பெற்றோர் கூட்டங்களிலும் நான் சொல்லி வருகின்றேன், சிலர் சிரிக்கின்றனர்.

அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், வரவுப் பதிவேடு எழுதுவதுபோல், துடைத்த நாளை வெண்கட்டியால் எழுதி வைத்திருக்கின்றோம். எரிவாயு மீண்டும் தாராளமாய்க் கிடைக்கத் தொடங்கிய பின்னும் விறகடுப்பை விட்டுவிடவில்லை. மைனாக்கள் கூடு விட்டுப் போனபின், மழை பிடிக்குமுன், ஆண்டுக்கொருமுறை அங்கே ஒரு வரி ஏறுகின்றது. இவ்வாண்டின் வரி இன்னும் எழுதப்படவில்லை. பெரியவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. ஆயினும் வரும் சனிக்கிழமை காலையில், தம் பேரனையும் ஈர்க்குப் பந்தையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கின்றார். கூரையில் பேரன் ஏறுவான். கீழே இருந்து முகர்ந்து பார்க்கத் தாம் போதும் என்கிறார்.